நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

மார்ச் 4ஆம் நாள் தேசியப் பாதுகாப்பு நாள். 1966இல் இதே நாளில் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் தொடங்கப்பட்டதன் நினைவாக 1972 முதல் தொழிற்சாலைகளில் கொண்டாடப்பட்டு வருகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய்க்கண்டிகையிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் அன்று காலை கொடியேற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், பிறகு, ‘தொழிலாளர் சார்பில் ஒருவர் இரண்டு வார்த்தை பேசுவார்’ என்று அறிவிப்பார்கள். ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கு அருகே பல ஆண்டுகள் அஞ்சாமல் நின்று வேலை செய்த மனிதர், மைக்கின் முன் வந்து நிற்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. விரல்கள் சில்லிடுகின்றன. கையிலுள்ள தாள் படபடக்கிறது. ‘எல்லோருக்கும் வணக்கம், நன்றி’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார். சொல்ல நினைத்த செய்தி அவர் நெஞ்சிலேயே தங்கிவிடுகிறது.

இதைச் சிறிய செய்தி என்று பலர் கருதுவர். மருத்துவமனையில் பணிபுரியும் நான் அவ்வாறு கருதவில்லை. அவர் சொல்ல நினைத்தது, பவர் பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பு கழன்று தொங்குவதைப் பற்றியதாக இருக்கலாம். இரவுப் பணியில் ஒருவரே இரண்டு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதைப் பற்றியதாக இருக்கலாம். போபால் பேரழிவுக்குப் பின்னர், 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், அபாயகரமான பணிமுறைகள் நடைபெறும் ஆலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவை வேண்டியது. அங்கே இருக்கை கிடைத்தால் மட்டும் போதாது. அமர்ந்தவர் வாய் திறக்க வேண்டும். திறக்காமற்போன வாயின் விலையை, நசுங்கிய விரலுடன் அவசரப் பிரிவுக்கு வரும் இன்னொருவர் செலுத்த நேரலாம்.

சபைக்கூச்சத்தின் உடல் அறிகுறிகள் முற்றிலும் நின்ற பிறகே பேச வேண்டும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தைத்தான் நான் மறுக்க விரும்புகிறேன். நடுக்கத்தோடும் பேசலாம். நடுக்கத்தை ஒழிப்பதில் செலவிடும் முயற்சியை, அது இருக்கும்போதே முதல் ஒரு நிமிடத்தைக் கடப்பதற்குச் செலவிடுவது நல்லது.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பலருடைய கண்கள் நம்மீது பதியும்போது மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் குல்லாய்போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. தோலிலுள்ள சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் விரல்கள் குளிர்கின்றன. உமிழ்நீர் குறைந்து வாய் உலர்கிறது. குடலின் இயக்கம் மாறுவதால் வயிற்றைப் பிசைகிறது. தசைகள் ஓடுவதற்கு ஆயத்தமாகின்றன. ஓட இடமில்லாததால் அந்த விசை நடுக்கமாக வெளிப்படுகிறது. குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகளும் இறுகுவதால் குரல் மெலிந்து தழுதழுக்கிறது. இவை அனைத்தும் நலமான உடல், உள்ளபடி இயங்குவதன் அடையாளங்கள். கோழைத்தனத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

இது யாருக்கோ வரும் குறைபாடு அன்று என்பதற்கு அறிவியல் உலகமே ஒரு சான்று வைத்திருக்கிறது. மனிதர்களுக்கு மன அழுத்தத்தைச் செயற்கையாக உண்டாக்கி, கார்டிசால் எனும் ஹார்மோன் எவ்வளவு உயர்கிறது என்று அளப்பதற்கு, 1993இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். மின்னதிர்ச்சி இல்லை, ஊசி குத்தல் இல்லை. புன்னகை செய்யாத சிலர் முன்னிலையில் ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். பின்னர் ஐந்து நிமிடம் மனக்கணக்குப் போடச் சொல்வார்கள். அவ்வளவுதான். உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் இந்த முறை பயன்படுகிறது. கேட்போர் முகத்தில் உணர்ச்சி காட்டாமல் அமர்ந்திருந்தாலே பேசுபவரின் உடலில் இவ்வளவும் நிகழ்ந்துவிடும் என்பதைக் கூட்டம் நடத்துவோரும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த அலைக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. மேடைக்கு ஏறுவதற்குச் சற்று முன்பும், பேசத் தொடங்கும் முதல் ஓரிரு நிமிடங்களிலும் இதயத் துடிப்பு உச்சத்தில் இருக்கும். பேச்சு தொடரத் தொடரப் பெரும்பாலோருக்கு அது மெல்லத் தணியும். நடுவில் இறங்கிவிடுபவர் அந்தத் தணிவைக் காணாமலே போகிறார். மேடை என்றாலே உச்சகட்டப் படபடப்பு என்ற நினைவு மட்டுமே அவரிடம் எஞ்சுகிறது. அடுத்த முறை அச்சம் இன்னும் கூடுகிறது.

மற்றொன்று: நமக்குள் இடி முழங்குவதுபோல் தோன்றும் படபடப்பு, எதிரே அமர்ந்திருப்பவருக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசுபவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிவதாக மதிப்பிட்ட அளவு, கேட்டவர்கள் உண்மையில் கண்ட அளவைவிட மிகுதியாக இருந்தது. இந்த உண்மையை முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். இதழ் வழியாக நானும் அதைத்தான் இங்கே செய்கிறேன்.

நம் நாட்டில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு காந்தியடிகளுடையது. தம் தன்வரலாற்றில் அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் மாணவராக இருந்தபோது, வெண்ட்னர் என்னும் ஊரில் சைவ உணவாளர்கள் கூட்டத்தில் பேசுவதற்காக ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றார். எழுந்து நின்றதும் பார்வை மங்கியது, உடல் நடுங்கியது. ஒரு தாள் அளவே இருந்த உரையை வாசிக்க இயலாமல், உடன் வந்த நண்பர் வாசிக்க நேர்ந்தது. 1891இல் வழக்கறிஞராகி இந்தியா திரும்பிய பின்னர், பம்பாய் ஸ்மால் காஸ் நீதிமன்றத்தில் முதல் வழக்கு வந்தது. கட்டணம் 30 ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. நீதிமன்றமே சுழல்வதுபோல் இருந்தது. ஒரு கேள்விகூட வரவில்லை. அமர்ந்துவிட்டார். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வழக்கை வேறொரு வழக்கறிஞர் 51 ரூபாய்க்கு நடத்தினார்.

1893இல் அதே மனிதர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டிப் பேசினார். தம் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு என்று அதையே அவர் குறிப்பிடுகிறார். வணிகத்தில் வாய்மை பற்றிய அந்தப் பேச்சுக்கு அவர் ஓரளவு ஆயத்தமாகவே சென்றிருந்தார். இரண்டு ஆண்டுகளில் ஒருவரது நரம்பு மண்டலம் புதிதாகிவிடாது. இடம் மாறியது: நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒருவரது வீடு. பொருள் மாறியது: அறியாத வழக்குக்குப் பதிலாகத் தம் மக்களின் நிலை. என் பார்வையில், அந்த வேறுபாடு மருந்தைவிட வலியது. நன்கறிந்த செய்தியை, அதனால் பாதிக்கப்படுவோருக்காகப் பேசும்போது, கவனம் நம் கையின் நடுக்கத்திலிருந்து விலகிச் செய்தியின்மேல் செல்கிறது.

தமிழ்நாட்டில் நமக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. அடுக்குமொழியும் மேற்கோளும் நிறைந்த மேடைப் பேச்சை இரண்டு மூன்று தலைமுறைகளாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த மாவட்டத்தின் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் உலகமே வியந்து கேட்ட சொற்பொழிவாளர். அத்தகையோரை அளவுகோலாக வைத்துக்கொண்டு, குடிநீர்க் குழாய் உடைந்ததைச் சொல்ல எழுபவர் தம்மை அளந்து பார்க்கிறார். தேவையற்ற ஒப்பீடு. திருக்குறளின் 73ஆவது அதிகாரம் ‘அவை அஞ்சாமை’. அது வருவது அமைச்சியலில். பேச்சே தொழிலாக உடைய அமைச்சர்களுக்கே அதைத் தனியாகக் கற்பிக்க வேண்டியிருந்தது என்றால், ஆலைத் தொழிலாளிக்கும் குழுப் பெண்மணிக்கும் கால் நடுங்குவதில் வியப்பென்ன?

இனிச் செய்யத் தக்கவை. ‘ஆழமாக மூச்சு இழுத்து விடு’ என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. அதைத் தவறாகப் பின்பற்றுவோரே மிகுதி. பதற்றத்தில் பெரிது பெரிதாக, விரைவாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, உதடும் விரல் நுனியும் மரத்து, தலை கிறுகிறுக்கும். அதைக் கண்டு அச்சம் மேலும் வளரும். வேண்டியது பெரிய மூச்சு அன்று, மெதுவான மூச்சு. அதிலும் வெளிமூச்சு நீண்டதாக இருக்க வேண்டும். மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் வரும். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் போதும். வீட்டில் சில நாள் பழகியிருந்தால்தான் கூட்டத்தில் கைகொடுக்கும்.

கை நடுக்கத்தைத் தாள் பன்மடங்காக்கிக் காட்டும். ஆகவே தனித்தாளைத் தவிர்த்து, அட்டையிலோ சிறு நோட்டுப் புத்தகத்திலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மைக்கைக் கையில் தந்தால் இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கால்களைச் சற்று அகற்றி, எடை இரண்டு பாதங்களிலும் விழ நில்லுங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொள்ள வேண்டாம். மே முதல் நாள் வெயிலில் பந்தலின்கீழ் நெடுநேரம் அசையாமல் நிற்பவர்கள் மயங்கிச் சரிவதற்கு, இரத்தம் கால்களில் தேங்கிவிடுவதே பெரும்பாலும் காரணம். கெண்டைக்கால் தசைகளை அவ்வப்போது இறுக்கித் தளர்த்தினால் தடுக்கலாம். தண்ணீர் மடக்கு மடக்காக. காபி அன்று வேண்டாம். அதுவும் இதயத்தை விரைவாக்கும். பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சொல் நழுவினால் எல்லாம் நழுவும். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் உறங்கி எழுந்தாலும் சொல்லும்படி நெட்டுருப் போடுங்கள்: பெயர், ஊர், செய்யும் வேலை, சொல்ல வந்த ஒரு செய்தி. உச்சப் படபடப்பின் நேரம் அந்த இரண்டு வாக்கியங்களிலேயே கழிந்துவிடும்.

‘அமைதியாக இரு’ என்று தனக்குத் தானே கட்டளையிடுவதும் அவ்வளவாகப் பயன் தருவதில்லை. 2014இல் ஆலிசன் உட் புரூக்ஸ் என்னும் ஆய்வாளர், பேசப் போகிறவர்களில் ஒரு பிரிவினரை ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்றும், மற்றொரு பிரிவினரை ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்றும் சொல்லிக்கொள்ளச் செய்தார். உற்சாகம் என்று சொன்னவர்களே சிறப்பாகப் பேசினார்கள். துடிக்கும் இதயத்தைச் சட்டென்று அடக்க முடியாது. அதே துடிப்புக்கு வேறு பெயர் சூட்ட முடியும். திருவிழாவில் தேர் வடம் பிடிக்கும்போது துடிப்பதும் இதே இதயம்தானே.

இவை நலமுடையோருக்குப் போதும். இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் ஏதேனும் ஒரு நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள். அவர்களுக்குச் சில எச்சரிக்கைகள் உண்டு.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், பேச வேண்டிய பதற்றத்தில் காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் போவது நடக்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை சபைக்கூச்சத்துக்கும் உண்டு, சர்க்கரை தாழ்ந்தாலும் உண்டு. ஐயம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். கருவி இல்லையேல் சர்க்கரையைக் குடித்துவிடுவதே பாதுகாப்பு. ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் உறிஞ்சுபவர்களுக்கு அந்த மருந்தே கை நடுக்கத்தையும் படபடப்பையும் தரும். தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்கும் அப்படியே. பார்க்கின்சன் நோயாளிகளின் நடுக்கம் பலர் முன்னிலையில் கூடும். நோய் முற்றிவிட்டதாக அதைக் கொள்ள வேண்டாம்.

‘மேடைக்கு முன் போட்டுக்கொள்ளும் மாத்திரை’ பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்களைத்தான் குறிப்பிடுகிறார்கள். இவை இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைப்பது உண்மை. 1977இலேயே லண்டனில் நரம்பிசைக் கலைஞர்களிடம் இவ்வகை மருந்தொன்றைச் சோதித்துப் பயன் கண்டார்கள். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு இது மூச்சுக் குழாயைக் கடுமையாகச் சுருக்கிவிடலாம். நாடித் துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவருக்கும் ஆகாது. இன்சுலின் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்வதை உணர்த்தும் படபடப்பை மறைத்துவிடும். மருத்துவர் பரிசோதித்துத் தந்தால் சரி. அப்போதும் பேச்சு நாளன்று முதன்முறையாக விழுங்காமல், வேறொரு நாள் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் வாங்கி வைத்திருந்த பட்டையிலிருந்து ஒன்றை உரித்துப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது. ‘ஒரு கட்டிங் போட்டால் தைரியம் வரும்’ என்பாருக்கு மறுமொழி சொல்லி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

எதிர்ப்புறமும் ஓர் ஆபத்து உண்டு. உண்மையான இதயக் கோளாற்றை ‘வெறும் பயம்’ என்று தள்ளிவிடுவது. மார்பின் நடுவே அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், பேசி முடித்து அமர்ந்த பின்னும் தணியாத மூச்சுத்திணறல், நினைவிழத்தல், நடந்தாலோ மாடி ஏறினாலோ வரும் மார்பு வலி ஆகியவற்றுக்கு மேடையைக் காரணம் காட்டாதீர்கள். 108க்கு அழையுங்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களும், நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளும் ஐயம் எழுந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது. அது இயல்பாக இருந்தால் யாரும் உங்களைக் கேலி செய்யப் போவதில்லை.

பதவி உயர்வையே மறுப்பது, பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்கும் போகாமலிருப்பது, வாரக்கணக்கில் உறக்கம் கெடுவது என்ற அளவுக்கு அச்சம் வளர்ந்திருந்தால், அது மருத்துவம் செய்யக்கூடிய நிலை. சிறு கூட்டத்திலிருந்து பெரிய கூட்டத்துக்குப் படிப்படியாகப் பழக்கும் உளவியல் சிகிச்சை நல்ல பயன் தருகிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இதுவரை சொன்னவை பேசுபவரின் பொறுப்பு. பேச வைப்பவரின் பொறுப்பு அதைவிடப் பெரிது என்பது என் கருத்து. பாதுகாப்பு நாளில் ஒருவரைக் கூட்டத்திலிருந்து திடீரென்று மேடைக்கு இழுப்பதைத் தொழிற்சாலைகள் கைவிட வேண்டும். முந்தின வாரமே சொல்லிவிடலாம். அமர்ந்தபடி பேச நாற்காலி, தாளைப் பார்த்து வாசிக்க அனுமதி, ஒரு குவளைத் தண்ணீர்: இவற்றுக்குச் செலவில்லை. ஆந்திர எல்லையோரப் பகுதியான கும்மிடிப்பூண்டியில் வீட்டில் தெலுங்கு பேசுவோர் பலர். ஆலைகளில் ஒடியாவும் இந்தியும் பேசுவோர் பலர். அவரவர் மொழியில் பேசவிட்டு, அருகிலுள்ளவரை மொழிபெயர்க்கச் சொன்னால் பாதி நடுக்கம் அங்கேயே குறையும்.

கிராம சபையிலும் இதுவே. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் ஆனது. ஆயினும் மைக் ஆண்களிடமே சுற்றி வருவதைப் பார்க்கிறோம். மைக்கை மேடையிலிருந்து இறக்கி, பெண்கள் அமர்ந்திருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கங்களுக்கும் நடக்கும் சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் எல்லாம் வீடியோவில் பதிவாகும். அதைக் கண்டே பலர் பின்வாங்குகிறார்கள். அங்கே எழுத்து வழியாகவும் கருத்தைத் தரலாம் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக எங்கள் வீட்டுச் செய்தி ஒன்று. காலையில் மருத்துவர்கள் வார்டைச் சுற்றி வரும்போது, படுக்கையருகே நிற்கும் மகளோ மகனோ இரவெல்லாம் யோசித்து வைத்த கேள்விகளை மறந்து, ‘ஒன்றுமில்லை சார்’ என்று சொல்லிவிடுகிறார்கள். வெள்ளை அங்கியைக் கண்டாலே சிலருக்கு இரத்த அழுத்தம் உயர்வது மருத்துவ நூல்களில் உள்ளதே. ஐந்தாறு பேர் சூழ்ந்து நின்று பார்ப்பதும் ஒரு சபைதான். எங்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் ‘வேறு ஏதாவது கேட்க வேண்டுமா’ என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்குச் சற்று நேரம் காத்திருக்கப் பழக வேண்டும். அடுத்த படுக்கைக்கு அரையடி எடுத்து வைத்துக்கொண்டே கேட்பது கேள்வியாகாது. நீங்களோ, முந்தின இரவே மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வார்த்தை வராவிட்டால் தாளை நீட்டுங்கள், நாங்கள் வாசித்துக்கொள்கிறோம்.